அங்கியா, சங்கிலியா, பட்டியா: மேயருக்கு எதை அணிவிப்பது?

புதிதாக அமைந்த நகர மன்றம் ஒன்றில் முத்திரை முடிவாகிவிடும், கொடி முடிவாகிவிடும், மண்டபத்தில் யார் படத்தை மாட்டுவது என்பதுகூட ஒரு வழியாக முடிந்துவிடும். மேயர் விழா நாளில் எதை அணிந்து வர வேண்டும் என்ற பேச்சை எடுத்ததும், அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒருவர் சிவப்பு அங்கி வேண்டும் என்பார். இன்னொருவர் அது ராஜா காலத்து வேஷம் என்பார். மூன்றாமவர் சங்கிலி போதுமே என்று சமரசம் பேசுவார். நான்காமவர், மக்கள் பிரதிநிதிக்கு எதற்கு அலங்காரம் என்று கேட்டு எல்லோரையும் சங்கடப்படுத்துவார்.

இந்த நால்வரில் யாரோ ஒருவராக இருந்துகொண்டு விடை தேடுகிற வாசகர்களுக்காக இந்த ஒப்பீடு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சடங்கு உடையை அணிந்து நிற்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கழற்றி அடுத்தவர் கையில் கொடுக்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரோமானியக் குடியரசில் தேர்தலுக்கு நிற்பவர் தோகா என்னும் நீண்ட போர்வை உடையைச் சுண்ணம் பூசி வெளுப்பேற்றி அணிந்து வலம் வந்தார். வேட்பாளரைக் குறிக்கும் 'கேண்டிடேட்' என்ற ஆங்கிலச் சொல்லே அந்த வெள்ளையிலிருந்து வந்ததுதான். வென்று உயர் பதவிக்கு வந்தவருக்கு ஊதா ஓரம் வைத்த தோகா. ஓராண்டில் பதவி முடிந்ததும் அன்றாட வாழ்வில் மறுபடி வெறும் தோகா. ஆள் அதே ஆள்தான்; ஓரம் மட்டும்தான் வந்துபோனது.

எதை வைத்து அளப்பது

நான் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் சம எடை கிடையாது. முதல் மூன்றும்தான் முக்கியம்.

இந்த உடை யாருடைய அதிகாரத்தைக் காட்டுகிறது: அரசர் கொடுத்ததையா, தனக்கு முன் இருந்தவர்கள் விட்டுச்சென்றதையா, சட்டம் தந்ததையா? அடுத்து, எந்த உடம்புக்கும் பொருந்துமா: குட்டையானவர், பருத்தவர், கருவுற்றவர், சக்கர நாற்காலியில் வருபவர் எவரும் அணிய முடியுமா? மூன்றாவது, கைமாறும்போது என்ன நடக்கிறது. நான்காவது, அலமாரியில் கிடக்கும் நாட்களில் அதற்கு ஆகும் செலவு. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒரு சடங்கு உடை தன் ஆயுளில் பெரும்பகுதியை இருட்டில்தான் கழிக்கிறது. ஐந்தாவது, மண்டபத்துக்கு வெளியே, தெருவில், அவசரத்தில் அது உதவுமா.

அங்கி

அங்கி என்றதும் அரச சபை நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது பெரிய மனிதரின் அன்றாட உடையாக இருந்தது. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதியுள்ள வயதானவர்கள் தரையைத் தொடும் நீளத்தில் அங்கி அணிந்தார்கள். இளைஞர்கள் குட்டைச் சட்டைக்கு மாறியபோதும் நீதிபதிகள், பேராசிரியர்கள், நகர மூத்தோர் ஆகிய மூன்று கூட்டத்தார் மாறவில்லை. நாளடைவில் அவர்கள் அணிந்திருந்த பழைய பாணியே பதவியின் அடையாளம் ஆகிவிட்டது.

ரோமானியத் தோகாவுக்கும் இதே கதைதான். மக்கள் அதை வசதிக்குறைவு என்று கைவிடத் தொடங்கியபோது, தோகா இல்லாமல் யாரையும் மன்றவெளியில் விடாதீர்கள் என்று பேரரசர் அகஸ்டஸ் அதிகாரிகளுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. ஓர் உடையை அணியச் சொல்லி உத்தரவு பிறக்கிறது என்றால், அது அன்றாடத்தை விட்டுப் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

நகர மூத்தோரின் அங்கி ஏன் சிவப்பு? கெர்மிஸ் என்ற பூச்சியைக் காயவைத்து எடுத்த சாயம்தான் இடைக்கால ஐரோப்பாவின் உயர்ந்த கருஞ்சிவப்பைத் தந்தது. அந்தச் சாயம் தோய்த்த கம்பளித் துணி, சந்தையில் கிடைத்தவற்றிலேயே விலையுயர்ந்த ரகம். அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. ஒரு பிரபுவின் ஆட்களுக்கு ஒரே துணியில் உடை கொடுப்பது அக்கால வழக்கம். பிறகு வணிகச் சங்கங்களும் தம் உறுப்பினருக்கு அப்படியே செய்தன. எனவே ஒரே நிற அங்கி 'நான் பெரியவன்' என்று சொல்வதற்கு முன்பு, 'நான் இந்தக் கூட்டத்தில் ஒருவன்' என்று சொன்னது. லண்டன் மாநகரில் இன்றைக்கும் ஆல்டர்மேன் எனப்படும் மூத்த மன்ற உறுப்பினர்களுக்குச் சிவப்பு அங்கி, சாதாரண மன்ற உறுப்பினர்களுக்கு நீல அங்கி. கூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடுக்கு தெரிந்துவிடும்.

அந்த லண்டன் வழக்கம் கடல் தாண்டியபோது நடந்தது சுவையானது. 1687 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைப்பட்டணத்துக்கு மாநகராட்சி சாசனம் எழுதிக் கொடுத்தது. மறு ஆண்டு செப்டம்பரில் மாநகராட்சி தொடங்கியது. மேயரும் ஆல்டர்மேன்களும் விழாக் காலங்களில் சிவப்பு செர்ஜ் துணி அங்கி அணியலாம் என்று அந்தச் சாசனமே சொல்கிறது. செர்ஜ் என்றால் கம்பளி! எழுதியவர்களுக்கே உறுத்தியிருக்க வேண்டும்; அந்த வெப்ப நாட்டுக்கு ஏற்ற வடிவில் தைத்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்திருக்கிறார்கள். வெட்டும் தையலும் மாறலாம், துணியும் நிறமும் மாறக் கூடாது. அங்கியைத் தேர்ந்தெடுக்கிற எந்தக் குழுவும் அந்த ஒரு வரியில் இருக்கும் சங்கடத்துக்குத் தயாராக வேண்டும்.

அங்கியின் பெரிய பலம் மறைப்பது. உள்ளே பட்டு இருந்தாலும் பழைய சட்டை இருந்தாலும் வெளியே தெரியாது. 1908இல் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் ஆல்ட்பரோவில் இங்கிலாந்தின் முதல் பெண் மேயரானார். ஆண்களுக்காகவே பிறந்த பதவி அது. அத்தகைய பதவிக்கு ஒரு பெண் வரும்போது, ஆண் உடை, பெண் உடை என்ற பேச்சையே மூடிவிடக்கூடியது அங்கி ஒன்றுதான்.

பலவீனம் அளவு. ஒரு பதவியேற்பு விழாவில் நான் கண்டதைச் சொல்கிறேன், ஊர் வேண்டாம். முன்னவர் ஆறடி உயரம், வந்தவர் ஐந்தடியைத் தாண்டாதவர். மேடைக்கு நான்கே படிகள். முதல் படியில் அங்கியின் முன்விளிம்பை மிதித்தார். இரண்டாவது படியில் இரண்டு கைகளாலும் அங்கியைத் தூக்கிப் பிடித்தார். அப்படிப் பிடித்ததால், மேலே கைநீட்டி நின்ற முன்னவரோடு கைகுலுக்க முடியவில்லை. மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தில், துணியைப் பார்த்துக் குனிந்த ஒரு தலை மட்டும் இருந்தது.

மறைந்திருக்கும் செலவுகளையும் கணக்கில் வையுங்கள். ஒவ்வொரு பதவிக்காலத்துக்கும் ஒரு முறை பிரித்துத் தைக்க வேண்டும். வெல்வெட் மடிப்பு விழுந்தால் எளிதில் போகாது; தொங்கவிட்டே வைக்க வேண்டும். கம்பளியையும் ரோமம் வைத்த விளிம்பையும் அந்துப்பூச்சி தேடி வரும். உண்மையான விலங்கு ரோமம் என்றால் பூச்சிக்கு முன்பே எதிர்ப்பாளர்கள் வந்துவிடுவார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு: ஒரே நாளில் அங்கி கேலிப்பொருள் ஆகிவிடலாம். 1967 நவம்பரில் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் அங்கியோடு ஊர்வலமாக வந்தார்கள். இரண்டு மாணவர்கள் அவர்களுக்கு முன்னால் ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இந்த அங்கிகளுக்கு அடியில் ஆயிரம் ஆண்டு முடைநாற்றம் என்பது அதன் பொருள். ஆயிரம் ஆண்டு என்பதில், ஆயிரம் ஆண்டு நிலைப்போம் என்று சொல்லிக்கொண்ட நாஜி ஆட்சியையும் சேர்த்துக் குத்தியிருந்தார்கள். அதன்பின் மேற்கு ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களில் அங்கி பெரும்பாலும் பெட்டிக்குள் போய்விட்டது. அங்கியில் குறை என்று அவர்கள் எதையும் சொல்லவில்லை. அணிந்திருந்தவர்களின் கடந்தகாலம் விசாரிக்கப்படாமல் இருந்தது. அதற்கு அங்கிதான் திரையாயிற்று.

முழு மன்றமும் ஒன்றாக, கூரைக்குக் கீழ், ஆண்டுக்கு ஓரிரு முறை அமர்கிறது என்றால் அங்கி நல்ல தேர்வு. ஒரே ஒருவருக்கு மட்டும் அங்கி தைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டத்தின் உடையைத் தனியாள் அணிந்தால் நாடகத்திலிருந்து தப்பி வந்தவர் போலத் தெரிவார்.

சங்கிலி

சங்கிலியின் மூலம் வேறு. அது தோளில் விழும் பரிசு. இங்கிலாந்தில் லங்காஸ்டர் அரச மரபினர் தம்மைச் சேர்ந்தவர்களுக்கு 'எஸ்' எழுத்துகளைக் கோத்த கழுத்தணி கொடுத்தார்கள். அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று அறிஞர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். யாருடைய ஆள் என்று காட்டியது என்பதில் மட்டும் சண்டை இல்லை. லண்டன் லார்டு மேயர் இன்றும் அணிவது இந்த வகைதான். இருமுறை மேயராக இருந்த ஜான் ஆலன் என்பவர், தமக்குப் பின் வரும் மேயர்கள் முக்கிய நாட்களிலும் திருநாட்களிலும் அணிய வேண்டும் என்று 1545இல் விட்டுச்சென்றது. 28 'எஸ்' எழுத்துகள், நடுநடுவே ரோஜாக்களும் முடிச்சுகளும்.

அரசர்கள் தனி மனிதருக்குக் கொடுத்துவந்த வகை அணியை, இந்த மனிதர் பதவிக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு கைமாற்றத்தில்தான் சங்கிலி அடிமைச் சின்னமாக இருந்த நிலை மாறி வாரிசுச் சின்னம் ஆனது. சங்கிலிக்கு ஆதரவாக இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியாது.

பிரிட்டனில் நாம் காணும் மேயர் சங்கிலிகளில் பெரும்பாலானவை அவ்வளவு பழையவை அல்ல, விக்டோரியா காலத்தவை. 1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சீர்திருத்தச் சட்டம் பழைய குடும்ப ஆட்சிகளைக் கலைத்தபோது, புதிதாக வந்தவர்களுக்கு முன்னவர்களின் பளபளப்பு அருவருப்பாக இருந்தது. லெஸ்டர் நகர மன்றம் 1836இல் செங்கோலையும் வெள்ளிப் பாத்திரங்களையும் விற்றே விட்டது. பிறகு என்ன ஆயிற்று? சிக்கனம் பேசிய அதே தலைமுறையின் பிள்ளைகள் ஊர் ஊராகச் சந்தா பிரித்துச் சங்கிலி செய்தார்கள். வெற்றுக் கழுத்தோடு நிற்பது கொஞ்ச காலத்தில் சலித்துவிட்டது போலும்.

அந்தச் சங்கிலிகளின் அருமை கண்ணிகளில் இருக்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு முன்னாள் மேயரின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும். அடிக்கடி துடைக்கப்பட்ட பழைய கண்ணிகளில் எழுத்து மழுங்கிப் போயிருக்கும்; விரலால் தடவித்தான் படிக்க வேண்டும். புதியவற்றில் எழுத்தின் விளிம்பு நகத்தில் இடறும். முன்னவர்களின் பெயர்களைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவர் நிற்கிறார் என்பது வெறும் உவமையாக இல்லாமல் எடையாகவே தெரிவது சங்கிலியில்தான்.

கண்ணிகள் தீரும் நாளும் வரும். வட்டம் நிறைந்தபின் என்ன செய்வது? இரண்டாவது வரிசை தொங்கவிடலாம். பழைய கண்ணிகளைக் கழற்றிக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாம். பெயர் பொறிப்பதையே நிறுத்தலாம். மூன்றும் யாரையாவது புண்படுத்தும். செய்யும்போதே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.

மற்றத் தொல்லைகள்: மெல்லிய துணியில் சங்கிலி நிற்காது, இழுத்துக் கிழிக்கும், தோளில் ஊக்கு குத்தி மாட்டிவிட ஓர் உதவியாள் வேண்டும். கனமான கோட்டை மனத்தில் வைத்துச் செய்த பொருள் அது. புடவையோ மெல்லிய மேற்சட்டையோ அணிபவருக்கு அது ஓயாத சண்டை. காப்பீடு, பெட்டகம், சாவி யாரிடம் என்ற தகராறு. டப்ளின் மேயருக்கு இரண்டாம் சார்லஸ் கொடுத்த முதல் சங்கிலி, 1680களின் இறுதிக் குழப்பத்தில் பதவியிலிருந்த மேயரோடு சேர்ந்தே காணாமல் போனது. மூன்றாம் வில்லியம் 1698இல் வேறொன்று கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு, சங்கிலி குட்டி போடும். மேயருக்கு வந்தால் துணை மேயருக்கு ஒன்று, மேயரின் வாழ்க்கைத் துணைக்கு ஒன்று, துணை மேயரின் வாழ்க்கைத் துணைக்கும் ஒன்று. பிரிட்டனில் இது நகைச்சுவையல்ல, நடைமுறை.

இவ்வளவும் தவிர்க்க ஆசைப்பட்டால் நெதர்லாந்தைப் பாருங்கள். 1852இல் அரசாணை மூலம் நகரத் தலைவருக்கு அவர்கள் வகுத்தது மார்பில் தொங்கும் ஒரு வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் நாட்டுச் சின்னம், மறுபக்கம் ஊர்ச் சின்னம். இரண்டு எசமானர்களுக்கும் இடம் கொடுத்த கெட்டிக்காரத்தனம்.

ஆண்டுதோறும் தலைவர் மாறுகிற மன்றத்துக்குச் சங்கிலி மிகப் பொருந்தும். கைமாறும் தருணமே விழாவாகிவிடும். ஒருவரே இருபது ஆண்டு நாற்காலியை விடாத இடத்தில் அதே சங்கிலி அவருடைய நகை ஆகிவிடும்.

குறுக்குப் பட்டி

தோளிலிருந்து எதிர்ப்புற இடுப்புக்கு இறங்கும் துணிப் பட்டியைப் பதவிக்குரிய உடையாக்கியது பிரெஞ்சுப் புரட்சி. 1790லேயே நகராட்சி அதிகாரிகளுக்கு மூவண்ணப் பட்டி வந்துவிட்டது. பின்வந்த ஆட்சிகளில் மேயர்களுக்குச் சரிகை வேலைப்பாட்டுக் கோட்டு, தொப்பி, வாள் என்றெல்லாம் சேர்ந்தன. அவை போயின, பட்டி மட்டும் நின்றது.

அதன் விதிகளைப் படித்தால், துணிக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார்கள் என்றே தோன்றும். மேயருக்குப் பொன் குஞ்சம், துணை மேயருக்கு வெள்ளிக் குஞ்சம். வலத் தோளிலிருந்து இடப் பக்கம், அல்லது இடுப்பைச் சுற்றி. தோளில் அணிந்தால் நீலம் கழுத்துப் பக்கம் இருக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சிவப்பு கழுத்துப் பக்கம். அவசரத்தில் புரட்டிப் போட்டால் மேயர் ஒரு நொடியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆகிவிடுவார்! இத்தாலியில் 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டமே மேயரின் அடையாளத்தை வரையறுக்கிறது: குடியரசின் சின்னமும் ஊரின் சின்னமும் பதித்த மூவண்ணப் பட்டி. மாகாணத் தலைவருக்கு நீலப் பட்டி.

பட்டி எதைச் சொல்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். அதில் முன்னவர்களின் பெயர் இல்லை, அரசரின் பரிசு இல்லை. நாட்டின் கொடியைக் குறுக்கே கட்டிக்கொண்டவர், சட்டம் இப்போது இவர் வாயால் பேசுகிறது என்று அறிவிக்கிறார். அதனால்தான் பிரான்சில் அது விழாவோடு நிற்பதில்லை. திருமணப் பதிவுக்கும் அணிவார்கள். கலகக் கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்லி மேயர் எச்சரிக்கை விடும்போதும் அது உடம்பில் இருக்க வேண்டும். நான்காக மடித்தால் கோட்டுப் பையில் அடங்கும். கம்பளி அங்கியையோ காப்பீடு செய்த தங்கத்தையோ போட்டுக்கொண்டு யாராவது தெருக் கலவரத்துக்குப் போவார்களா?

எந்த உடம்புக்கும் பொருந்தும், எந்த உடைமேலும் நிற்கும், தொலைந்தால் வேறொன்று தைத்துக்கொள்ளலாம். அப்படியானால் குறையே இல்லையா? உண்டு. மலிவு என்பதால் மரியாதையும் மெல்ல மலிகிறது. அழகிப் போட்டிக்கும் கட்டுகிறார்கள், விற்பனை விழாவுக்கும் கட்டுகிறார்கள். தமிழ்க் காதுக்கு இன்னொரு சிக்கல். மார்புக் குறுக்கே பட்டியும் அதில் பித்தளை வில்லையும் என்றால் நமக்கு நினைவு வருவது டவாலி, அதிகாரிக்கு முன்னால் நடந்து கதவு திறப்பவர். பாரிசில் அதிகாரத்தைச் சொல்லும் அதே கோடு இங்கே அதிகாரத்துக்கு வழிவிடச் சொல்லும் கோடாகிறது. பார்ப்பவர்களின் நினைவில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று விசாரிக்காமல் பட்டி வாங்காதீர்கள்.

கைமாற்றத்திலும் பட்டி சற்று வெறுமைதான். புதியவருக்குப் புதுப் பட்டி என்றால் கைமாற ஒன்றுமே இல்லை.

சின்னம், அல்லது ஒன்றுமே வேண்டாம்

சிறு சின்னத்துக்கும் நீண்ட மரபு உண்டு. பழந்தமிழ் வேந்தர்கள் படைத்தலைவருக்கு ஏனாதிப் பட்டத்தோடு மோதிரமும் வணிகருக்கு எட்டிப் பட்டத்தோடு பொற்பூவும் கொடுத்தார்கள். உடை முழுவதையும் மாற்றவில்லை. சீனத்தில் மிங் அரசு 1391இல் அதிகாரிகளின் மார்பில் சதுரத் துண்டு தைக்கச் சொன்னது. குடிமை அதிகாரிக்குப் பறவை, படை அதிகாரிக்கு விலங்கு. குடிமை அதிகாரிகளில் முதல் தரத்தவருக்குக் கொக்கு. எழுத்தறியாதவரும் எட்ட நின்று அடுக்கைப் படிக்கலாம்.

சட்டையில் குத்திக்கொள்ளும் இன்றைய சிறு சின்னத்தை எட்ட நின்று யாரும் படிக்க முடியாது. அதுதான் அதன் குறை, சிலருக்கு அதுவே நிறை. அன்றாட அலுவலுக்கு இதைவிடப் பொருத்தம் எதுவும் இல்லை.

ஒன்றுமே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண உடையும் பேசும். யாருடைய சாதாரணம் என்று பாருங்கள்: ஒருவரின் கோட்டு சூட்டும் இன்னொருவரின் வெளுத்த சட்டையும் அருகருகே நிற்கும்போது, பதவி மறைந்து வசதி தெரியத் தொடங்கும். அதற்குப் பொதுவான ஒரு பட்டியோ பதக்கமோ நியாயமானது என்பது என் எண்ணம்.

ஆகவே, யாருக்கு எது

ஏற்கெனவே அங்கியோ சங்கிலியோ இருந்தால் தூக்கி எறியாதீர்கள். லெஸ்டரில் விற்ற செங்கோலைப் பின்னால் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. புதிதாகத் தொடங்குகிறீர்கள், தலைவர் வெளியிடங்களுக்கு அதிகம் போகிறவர் என்றால் பட்டி. ஆண்டுக்கொரு தலைவர், உள்ளரங்க விழா, பாதுகாத்து வைக்க ஆளும் பெட்டகமும் உண்டு என்றால் சங்கிலி. வெள்ளியில், எடை குறைவாக, கண்ணி சேர்க்க இடம் விட்டு. பட்டியின் நுனியில் முன்னவர்களின் பெயர் பொறித்த ஒரு பதக்கத்தைத் தைத்துக் கைமாற்றினால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். என்னைக் கேட்டால் நான் சொல்வது இதுதான். பதக்கம் கைமாறும், துணி புதிதாகும்.

எதை எடுத்தாலும் எந்த நாளில் அணிவது, யார் பூட்டி வைப்பது, மேயர் அணிந்துகொண்டு எங்கெல்லாம் போகக் கூடாது என்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தீர்மானமாக்குங்கள். கட்சி மேடை அந்தப் பட்டியலில் முதலாவதாக இருக்கட்டும். துணி வெட்டுவதற்கு முன்பு மாதிரி ஒன்று செய்து, மன்றத்திலேயே மிகக் குட்டையானவரையும் மிகப் பருத்தவரையும் கூப்பிட்டு அணியச் சொல்லுங்கள். படி ஏறட்டும், உட்காரட்டும், குனிந்து கையெழுத்துப் போடட்டும். பிறகு யாருடைய உதவியும் இல்லாமல் அவர்களே கழற்றிக் கொடுக்கட்டும்.